பாதிரியார் அங்கியிலிருந்து முகத்திரை வரை

ஜெனீவா நகர வீதியிலே கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் தமது நீண்ட கறுப்பு அங்கியுடன் நடந்து செல்வது சட்டவிரோதமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1875ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி அம்மாநிலம் இயற்றிய வெளிவழிபாட்டுச் சட்டம், பொதுவீதியில் சமய ஊர்வலங்களும் சடங்குகளும் நடத்துவதைத் தடைசெய்தது. அத்துடன் நில்லாமல், குருமாருக்குரிய உடையையோ துறவற சபையினருக்குரிய உடையையோ எவரும் பொதுவீதியில் அணியலாகாது என்றும் விதித்தது. கோடை காலத்தில் அம்பாள் தேரேறி வரும்போது பொலிசாரே வாகனங்களை மறித்து வழிவிடுவதைக் கண்டு பழகிய இன்றைய சைவ மக்களுக்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். அதைவிட வியப்பு யாதெனில், அச்சட்டம் 2019ஆம் ஆண்டில் புதிய சட்டம் ஒன்று வரும்வரை ஏட்டில் நிலைத்திருந்தமையாகும்.

சுவிற்சர்லாந்து மக்கள் அமைதியானவர்கள், அவர்களுக்குள் சமயச் சண்டை என்பதே இல்லை என்று எண்ணுவோர் தமிழரிடையே பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1847ஆம் ஆண்டு நவம்பரில் இந்நாட்டின் கத்தோலிக்க மாநிலங்களுக்கும் ஏனைய மாநிலங்களுக்கும் இடையில் உள்நாட்டுப் போரே மூண்டது. அதன் பின் எழுந்த 1848ஆம் ஆண்டு அரசியலமைப்பு இயேசு சபையினரை நாட்டில் இயங்கவிடாமல் தடைசெய்தது. 1870இல் பாப்பரசர் வழுவாதவர் என்னும் கோட்பாட்டை வத்திக்கான் சங்கம் அறிவித்தபோது, இவர்கள் தாய்நாட்டுக்கு விசுவாசமானவர்களா, உரோமாபுரிக்கு விசுவாசமானவர்களா என்ற கேள்வி கத்தோலிக்கர் மீது மீண்டும் பாய்ந்தது. 1873ஆம் ஆண்டு பெப்ரவரியில், ஜெனீவாவிலே பிறந்த ஆயர் மெர்மியோ என்பாரைச் சமஷ்டி அரசு நாடுகடத்தியது. சொந்தப் பிரஜை ஒருவரையே நாட்டைவிட்டு வெளியேற்றியதென்றால் அக்காலத்து வெப்பம் எத்தகையது என்பதை ஊகித்துக் கொள்ளலாம். அங்கித் தடை இந்த வெப்பத்தில் விளைந்த சட்டமே. துணியினால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. அத்துணி எந்த அதிகாரத்தின் கொடியென்று கருதப்பட்டதோ, அதுவே சட்டம் செய்தவர்களின் கண்ணை உறுத்தியது. இயேசு சபையினர் மீதிருந்த அரசியலமைப்புத் தடை 1973ஆம் ஆண்டு மே 20ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில்தான் நீங்கியது. அதற்குப் பத்தாண்டுகள் கழித்து ஈழத் தமிழர் பெருந்தொகையாக இங்கு வரத் தொடங்கினர் என்பதை நினைத்துப் பார்த்தால், இவையெல்லாம் எவ்வளவு அண்மைக் காலத்துச் செய்திகள் என்பது விளங்கும்.

உடையைப் பற்றி ஆட்சியாளர் ஆணையிடுவது இந்நாட்டில் அதற்கு முன்னரும் வழக்கமே. சீர்திருத்தச் சபையின் செல்வாக்கோங்கிய சூரிச், பேர்ண், பாசல், ஜெனீவா நகரங்களில் பட்டு, சரிகை, நகை முதலியவற்றை யார் யார் எவ்வளவு அணியலாம் என்று ஆணைகள் பிறந்த வண்ணம் இருந்தன. நகை செய்ய வழியற்றுப்போன ஜெனீவாப் பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலில் இறங்கினர் என்று ஒரு கதையும் உண்டு. அவ்வாணைகள் ஆடம்பரத்தைக் குறித்தவை, கருத்தைக் குறித்தவையல்ல. ஆதலின் அவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கருத்தைச் சொல்லும் உடை என்ற கேள்வி நேரடியாக எழுந்தது 1933இல். அவ்வாண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியேறியதும் சுவிற்சர்லாந்திலும் ‘முன்னணி’ என்ற பெயர் தாங்கிய இயக்கங்கள் மழைக்காளான்கள்போல் முளைத்தன. ஒரே நிறச் சேர்ட்டு அணிந்த இளைஞர் அணிவகுத்து வீதிகளில் நடந்தனர். அண்டை நாட்டில் கபிலச் சேர்ட்டுகளும், அதற்கு முன் இத்தாலியில் கறுப்புச் சேர்ட்டுகளும் எதனைக் கொணர்ந்தன என்பதைக் கண்ணுற்றிருந்த சமஷ்டி அரசு, 1933 மே 12ஆம் திகதி கட்சிச் சீருடைகளை அணிவதைத் தடைசெய்தது. அக்கட்சிகள் பத்திரிகை நடத்தின, கூட்டம் கூட்டின, தேர்தலிலும் நின்றன. எனினும் சீருடை மட்டும் ஆகாது என்றது அரசு. ஒருவர் தமது அபிப்பிராயத்தைச் சொல்வது வேறு, ஐம்பது பேர் ஒரே உடையில் படைபோல நின்று அதே அபிப்பிராயத்தைச் சொல்வது வேறு என்பதே இதன் உட்கருத்து. முன்னையது பேச்சு, பின்னையது அச்சுறுத்தல். 1875இன் அங்கித் தடையையும் இத்தடையையும் ஒரே தராசில் நிறுக்க இயலாது. தனியே நடந்து சென்ற குருவானவர் எவரையும் அச்சுறுத்தவில்லை.

போருக்குப் பின்னர் பல்லாண்டுகள் இவ்விடயத்தில் பெரிய ஆரவாரம் இருக்கவில்லை. 1990இல் திச்சினோ மாநிலத்தின் கத்றோ என்னும் ஊரிலிருந்து ஒரு வழக்கு லோசானில் உள்ள சமஷ்டி உச்ச நீதிமன்றை அடைந்தது. ஆரம்பப் பாடசாலை வகுப்பறைச் சுவரில் சிலுவையை மாட்டலாமா என்பதே கேள்வி. மாட்டலாகாது, பொதுப் பாடசாலை சமயங்களுக்கிடையே நடுநிலை வகிக்க வேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் மாநிலத்தில் அத்தீர்ப்பு எளிதில் விழுங்கக்கூடிய மருந்தாக இருந்திராது. சுவரைப் பற்றிச் சொல்லப்பட்ட அந்த நியாயம் ஏழு ஆண்டுகளில் ஆசிரியையின் தலைக்கு வந்து சேர்ந்தது.

ஜெனீவா மாநிலத்தின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை ஒருவர் 1991இல் இஸ்லாத்தைத் தழுவி, முக்காடு அணிந்து படிப்பித்து வந்தார். நான்கு ஆண்டுகள் பிள்ளைகளோ பெற்றோரோ முறையிடவில்லை. 1995இல் பாடசாலை மேற்பார்வையாளர் கல்வித் திணைக்களத்துக்கு அறிவித்தார். 1996இல் முக்காட்டை நீக்குமாறு பணிக்கப்பட்டார். அவர் வழக்காடினார். 1997 நவம்பர் 12ஆம் திகதி சமஷ்டி உச்ச நீதிமன்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஸ்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றும் 2001 பெப்ரவரி 15ஆம் திகதி அவரது முறைப்பாட்டை ஏற்க மறுத்தது. ஆசிரியை வகுப்பில் நிற்கையில் அரசின் சார்பில் நிற்கிறார், சிறு பிள்ளைகள் எளிதில் ஈர்க்கப்படுவர், முக்காடோ கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் சின்னம் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். சிறு நகைபோல அடக்கமாக அணியப்படும் சமயச் சின்னங்களைப் பற்றி இவ்வழக்கில் ஆராயத் தேவையில்லை என்று சுவிஸ் நீதிபதிகள் அக்கேள்வியைத் திறந்தே வைத்தனர். நெற்றித் திலகமும் திருநீற்றுக் கீற்றும் இந்தத் திறந்த வெளியில்தான் நிற்கின்றன. இந்நாட்டுப் பாடசாலைகளில் தமிழ்ப் பெண்கள் ஆசிரியைகளாகப் பணியேற்றுவரும் காலத்தில், அந்த ஒரு வரி சைவப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய வரியாகும்.

ஆசிரியைக்கு ஒரு நியாயம், மாணவிக்கு வேறு நியாயம். துர்காவ் மாநிலத்தின் புர்க்லன் பாடசாலை தலையணிகள் கூடாதென விதி வகுத்திருந்தது. 2013 யூலை 11ஆம் திகதி உச்ச நீதிமன்று, இத்தகைய தடைக்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை எனக் கூறி மாணவியர் இருவருக்குச் சார்பாகத் தீர்த்தது. அப்படியாயின் சட்ட அடிப்படையை உண்டாக்குவோம் என்று புறப்பட்டது சென்காலன் மாநிலத்தின் சென் மார்கிறேத்தன் ஊர். 2014 பெப்ரவரியில் ஊர்மக்கள் வாக்களித்துத் தடையை உறுதிப்படுத்தினர். சிறுமி ஒருத்தி முக்காட்டுடன் பாடசாலைக்குச் செல்ல விரும்பியதே இத்தனைக்கும் காரணம். 2015 டிசம்பர் 11ஆம் திகதி வந்த தீர்ப்பு ஊரின் வாக்கெடுப்பைச் செல்லாததாக்கியது. மாணவி அரசின் பிரதிநிதியல்லள். நடுநிலை பேண வேண்டியது பாடசாலையின் கடன், அவளது கடனன்று. அவள் பிறரைக் கட்டாயப்படுத்தாதவரை, தன் நம்பிக்கையை உடையில் காட்டுவது அவளது உரிமை. பெரும்பான்மையின் வாக்கே இறுதியானது என்று பெருமைப்படும் நாட்டில், ஊர் முழுவதும் திரண்டு அளித்த வாக்கு ஒரு பிள்ளையின் தலைத்துணியின் முன் நிற்க முடியாமற் போனது சிறிய செய்தியன்று.

2019 பெப்ரவரி 10ஆம் திகதி ஜெனீவா மக்கள் புதிய சமயச்சார்பின்மைச் சட்டத்தை ஏற்றபோதும் இதே கோடுதான் குறுக்கே வந்தது. பொதுமக்களுடன் தொடர்புகொள்ளும் அரச ஊழியர் சமயச் சின்னம் அணியலாகாது என்ற பகுதி நிலைத்தது. தெரிவுசெய்யப்பட்ட மக்கள் பிரதிநிதிகளும் சபையில் அணியலாகாது என்ற பகுதியை அம்மாநிலத்தின் அரசியலமைப்பு நீதிமன்றப் பிரிவு அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கியது. பிரதிநிதி சமுதாயத்தின் பன்முகத்தைச் சபைக்குக் கொண்டுவருபவர். அவரது உடையும் அவரது பேச்சின் ஒரு பகுதி என்பதை இவ்வாறு ஒப்புக்கொண்டார்கள்.

இனி, அரசியல் மேடைக்கு வருவோம். 2009 நவம்பர் 29ஆம் திகதி பள்ளிவாசல்களின் மினாரெட் கோபுரங்களைக் கட்டத் தடைவிதிக்கும் முன்மொழிவு 57.5 வீத வாக்குகளால் நிறைவேறியது. அப்பிரசாரத்தின் சுவரொட்டியில் சுவிஸ் கொடியின் மேல் ஏவுகணைகள்போலக் கோபுரங்களும், முன்னால் முகத்திரையணிந்த கரிய பெண்ணுருவமும் வரையப்பட்டிருந்தன. பாசலும் லோசானும் அதனை ஒட்ட அனுமதி மறுத்தன. சூரிச்சும் ஜெனீவாவும் கருத்துச் சுதந்திரத்தை மதித்து அனுமதித்தன. ஒரே சுவரொட்டி, ஒரே நாடு, நகரத்துக்கொரு நீதி! ஒரு சாராரின் உடையை எள்ளி வரைவதற்குச் சுதந்திரம் வேண்டும் என்றவர்களே, அடுத்த படியாக அவ்வுடையை அணியும் சுதந்திரம் கூடாது என்று கையெழுத்துச் சேர்க்கப் புறப்பட்டனர் என்பது கவனித்தற்குரியது.

திச்சினோ முந்திக்கொண்டது. 2013 செப்டம்பர் 22ஆம் திகதி பொது இடத்தில் முகத்தை மறைப்பதைத் தடைசெய்ய அம்மாநில மக்களில் 65 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 2016 யூலை முதலாம் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றை நாடியவர்கள் முன்வைத்த வாதம் பலர் எதிர்பாராதது. சமயச் சுதந்திரத்தை அவர்கள் பேசவில்லை. பேச்சுச் சுதந்திரத்தையும் கூட்டம் கூடும் சுதந்திரத்தையும் தொழில் செய்யும் சுதந்திரத்தையுமே பேசினர். அரசியல்வாதியின் முகமூடியை அணிந்து கேலி செய்பவர், கடைவாசலில் விளம்பரத்துக்காக விலங்கு வேடம் பூண்டு நிற்பவர் ஆகியோரும் முகத்தை மறைப்பவர்களே அல்லவா? 2018 செப்டம்பர் 20ஆம் திகதி நீதிபதிகள் அவ்வாதத்தை ஏற்றனர். அரசியல் ஆர்ப்பாட்டங்களுக்கும் வணிக, விளம்பர நிகழ்ச்சிகளுக்கும் விதிவிலக்கு இல்லாத சட்டம் அளவுக்கு மிஞ்சியது என்றனர். ஒரு சிறு கூட்டத்தைக் குறிவைத்து வீசிய வலையில் அகப்பட்டவர்கள் வேறு யாரோ!

முகமூடியின் துணிவு எத்தகையது என்பதை அறிய விரும்புபவர் பாசல் நகரின் பஸ்நாக்ட் திருவிழாவைப் பார்த்தால் போதும். திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு நகரத்தின் மின்விளக்குகள் அணைக்கப்படும். குழல்களும் முரசுகளும் ஒருங்கே முழங்க, முகமூடி தரித்த கூட்டங்கள் ஒளிவிடும் பெரிய விளக்குகளைச் சுமந்து புறப்படும். அவ்விளக்குகளில் தீட்டப்பட்டிருப்பவை அவ்வாண்டின் அரசியற் கேலிச் சித்திரங்கள். அமைச்சர் முதல் வங்கி அதிபர்வரை எவரும் தப்ப முடியாது. மதுச்சாலைகளில் வேடதாரிகள் நையாண்டிப் பாட்டுப் பாடுவர். முகம் தெரியாதபடியால்தான் அந்த மூன்று நாட்களும் நாவுக்குக் கட்டில்லை. வாலே மாநிலத்தின் லொச்சன் பள்ளத்தாக்கிலும் ஆட்டுத்தோல் போர்த்து மரமுகமூடி தரித்து இளைஞர் ஊரைக் கலக்குவர். தெருக்கூத்தும் சூரன் போரும் கண்டு வளர்ந்தவர்களுக்கு வேடம் என்பது விநோதமான பொருளன்று.

2021 மார்ச் 7ஆம் திகதி நாடு முழுவதற்குமான முகமறைப்புத் தடை வாக்கெடுப்புக்கு வந்தபோது, உள்ளூர் வழக்கத்துக்கு விலக்கு என்று முன்மொழிவிலேயே எழுதப்பட்டிருந்தது. பஸ்நாக்டைத் தொட்டால் தங்கள் வாக்குகளே பறிபோகும் என்பது அதனை எழுதியவர்களுக்குத் தெரியும். சமஷ்டி அரசும் பாராளுமன்றமும் முன்மொழிவை நிராகரிக்குமாறு கேட்டன. நாடெங்கும் முகத்திரையணியும் பெண்கள் சில பத்துப்பேர் மட்டுமே என்று லுசேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர் கணித்திருந்தனர். அந்தச் சிலருக்காக அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமா என எதிர்த்தரப்பு வினவியது. பெண்ணின் முகத்தை மறைப்பது அவளை அடிமைப்படுத்துவதே என்று ஆதரித்தோர் கூறினர். இவ்வாறு கூறியவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. முடிவில் 51.2 வீதத்தினர் ஆம் என்றனர். சூரிச், பேர்ண், ஜெனீவா, பாசல் நகரம், கிறவுபுண்டன், அப்பன்செல் வெளிப்புறம் ஆகிய மாநிலங்கள் மறுத்தன.

சட்டம் 2025 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. மீறுபவருக்கு 1000 பிராங் வரை தண்டப்பணம். வழிபாட்டிடங்கள், உடல்நலம், பாதுகாப்பு, குளிர், உள்ளூர் வழக்கம், கலைநிகழ்ச்சி, விளம்பரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கருத்துரைக்கவும் கூட்டம் கூடவும் முகத்தை மறைப்பது அவசியமாயின், அதற்கும் அதிகாரிகளின் அனுமதியுடன் இடமுண்டு. 2018இன் திச்சினோத் தீர்ப்பின் நிழல் இவ்வாசகத்தில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். தன்னை யாரென்று காட்ட அஞ்சுபவர், தன் பெயரை எழுதி விண்ணப்பிக்க வேண்டும்! ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் முன்றலில் ஆண்டுதோறும் கூடும் தமிழருக்கு இந்த இடர்ப்பாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஊரிலே தாய் தந்தையரையும் சகோதரரையும் விட்டு வந்தவர், புகைப்படக் கருவி தம் பக்கம் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக் கொண்ட நாட்கள் எத்தனையோ.

சுவிஸ் மக்கள் மட்டுமே துணியைக் கண்டு வெகுண்டார்கள் என்று எண்ண வேண்டாம். தமிழர் வாழ்ந்த தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் குலப் பெண்கள் மார்பை மூடித் தோட்சீலை அணிவதற்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டு போராட நேர்ந்தது. கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று 1814இல் கேணல் மன்றோ இசைந்தார். மேற்சாதியார் போலத் தோட்சீலை அணியலாகாது என்று 1829இல் அரசாணை பிறந்தது. வீதியில் சீலை கிழிக்கப்பட்டது, பாடசாலைகளும் தேவாலயங்களும் எரிந்தன. 1859 யூலை 26ஆம் திகதி உத்திரம் திருநாள் மகாராசா தடையைத் தளர்த்தினார். அப்போதும் மேற்சாதிப் பெண்கள் உடுத்தும் விதமாக உடுத்தலாகாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. மூடாதே என்ற கட்டளையும் மூடு என்ற கட்டளையும் ஒரே வாயிலிருந்து பிறக்கக்கூடியவை. கோவிலில் ஆடவர் மேலாடை களைந்து நிற்பது பக்தி. அதையே ஒருவர் மற்றவர்மீது சுமத்தி, தன்முன் அவ்வாறு நிற்கச் செய்வது அவமதிப்பு. இவ்வரலாறு ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றபோது, அதில் நாடார் குலத்தைப் பற்றி எழுதப்பட்ட விதத்தைத் தமிழ்நாட்டுத் தலைவர்கள் பலர் ஆட்சேபித்தனர். 2016இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அப்பகுதியைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கியது. பிழையான வரிகளைத் திருத்துவதற்குப் பதிலாகப் போராட்டம் முழுவதையுமே பிள்ளைகளின் கண்ணிலிருந்து எடுத்துவிட்டனர்.

இன்னும் கிட்டிய செய்தி திருகோணமலையிலே உண்டு. 2018 ஏப்ரலில் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தபோது, இது இந்துக் கல்லூரி, சேலையே இங்கு மரபு என்று பெற்றோரும் பழைய மாணவியரும் வாயிலில் நின்று எதிர்த்தனர். ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளுக்குச் சார்பாக 2019இல் பரிந்துரைத்தது. 2022இன் தொடக்கத்தில் ஆசிரியை ஒருவர் அபாயாவுடன் கடமையேற்க வந்தபோது குழப்பம் மீண்டும் எழுந்து நீதிமன்று வரை சென்றது. கல்லூரியைத் தோற்றுவித்தவர்களின் நோக்கமும் மரபும் மதிக்கப்பட வேண்டியவை என்ற வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. அந்நியர் நடத்திய பாடசாலைகளில் சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை இழக்கலாகாது என்றே அத்தகைய கல்லூரிகள் எழுந்தன. எனினும் சென் மார்கிறேத்தன் ஊரவர் சொன்னதும் ஏறத்தாழ இதே வாதமே: இது எங்கள் ஊர், இது எங்கள் பாடசாலை, இங்கு வருபவர் எங்கள் வழக்கப்படி உடுத்தட்டும். அங்கே அதனைச் சொன்னவர்கள் ஊரின் பெரும்பான்மையினர். திருகோணமலை வாயிலில் அதனைச் சொன்னவர்களின் உறவினர் சிலர், 2021 மார்ச்சிலே சூரிச்சிலும் பேர்ணிலும் சுவிஸ் பிரஜைகளாக வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருந்தனர்.